சிப்பாய்மேட்டில் எடைக்குக் காவல் போட்ட கதை

முட்டாள்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் மற்ற ஊர்களில் ஆளுக்கொரு மூலையாகச் சிதறிக் கிடப்பார்கள். வரிசையில் நின்று, இடைவெளி பார்த்து, ஒரே நேரத்தில் கையை வீசி முட்டாள்தனம் செய்கிறவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் சிப்பாய்மேட்டுக்குத்தான் வரவேண்டும். வேலூரில் பஸ் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, "பட்டாளத்துக்காரங்க சங்கம் எங்க?" என்று கேளுங்கள். கேட்டவரை முதலில் ஒரு சல்யூட் அடிக்கச் சொல்லுவார்கள். அடித்துவிட்டுப் போங்கள், நஷ்டமில்லை.

அந்தச் சங்கத்தில் நாலு பேர். தலைவர் சுபேதார் கஜபதி. எல்லையில் நின்றவர், இரண்டு மெடல் வாங்கியவர், மேலிருந்து வந்த ஆணையை வாழ்நாளில் ஒருமுறைகூட மீறாதவர். ஏன் என்று கேட்டதும் கிடையாது. அடுத்தவர் ஹவில்தார் துளசிராமன். பணிக்காலம் முழுவதும் சாமான் கிடங்கிலேயே இருந்துவிட்டு வந்தார். அங்கே கம்பளிகளை எண்ணி எண்ணித் தனக்கு அறிவு வளர்ந்துவிட்டதாக நம்புகிறவர். மூன்றாமவர் நாயக் சம்பங்கி, பட்டாளத்துச் சமையல்காரர். கடைசியில் சிப்பாய் ஏசுபாதம். நிற்கச் சொன்னால் நிற்பார். உட்காரச் சொல்ல மறந்துவிட்டால் நின்றுகொண்டே இருப்பார்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும் நாலு பேருக்கும் தொப்பை போட்டது. பட்டாளத்தில் ஓடின ஓட்டம் நின்றுபோயிற்று, பட்டாளத்தில் சாப்பிட்ட சாப்பாடு மட்டும் நிற்கவில்லை. போன மழைக்காலத்தில் சிக்குன்குனியா வந்து நாலு பேரையும் சேர்த்துப் படுக்கப்போட்டது. எழுந்து பார்த்தபோது தொப்பையில் பாதியைக் காணோம். ஆனால் போகிற போக்கில் காய்ச்சல் சுபேதாரின் இடது முட்டியையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போயிருந்தது.

அந்த முட்டிதான் இந்தக் கதைக்கே அச்சாணி. சுபேதார் எல்லையில் சண்டையில் இருந்தபோது அவர் சம்சாரம் சகுந்தலா தேன்மலை முருகனுக்கு ஒரு வேண்டுதல் வைத்தாள். ஆள் உயிரோடு திரும்பினால் ரெண்டு பேரும் கால்நடையாக மலையேறி, சாமி கும்பிட்டு, மேலே கொடுக்கிற பொங்கலை ஒரே இலையில் பங்கிட்டுச் சாப்பிடுவது. ஆள் திரும்பினார். அதற்கப்புறம் ஒவ்வொரு லீவிலும் ஒரு காரணம் வந்தது. கல்யாணம், கருமாதி, மழை, திடீரென்று பட்டாளத்திலிருந்து தந்தி. "அடுத்த லீவுல ஏறிடலாம்" என்றது ஓய்வு பெற்றதும் "அடுத்த வருஷம் ஏறிடலாம்" என்றாகி, அவர் வயசு எழுபதைத் தாண்டிவிட்டது. இப்போது மலையடிவாரத்தில் முதல் படியைப் பார்த்தாலே முட்டி கெஞ்சுகிறது. சகுந்தலா ஒன்றும் சொல்லமாட்டாள். தேன்மலை தெரிகிற பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்திவைத்துவிட்டாள். அது சுபேதாருக்குத் துப்பாக்கிக் குண்டைவிட வலித்தது.

வேலூரில் முன்னாள் படைவீரர்களைப் பார்க்கிற டாக்டரம்மா மெஹருன்னிசா நல்ல சேதி சொன்னாள். முட்டியை மாற்றி வைக்கலாம். ஆனால் எடை எண்பது கிலோவுக்குள் இருக்க வேண்டும். தை மாசம் பெரிய டாக்டர் சிப்பாய்மேட்டுக்கே நேரில் வந்து எடை பார்ப்பார், எண்பதைத் தாண்டியிருந்தால் கத்தியைத் தொடமாட்டார்.

"இப்ப எழுபத்தொம்பதுதான் இருக்கீங்க" என்றாள் டாக்டரம்மா. "ஆனா எறங்கின எடை சும்மா இருக்காது சுபேதார் சார். நாம அசந்த நேரம் மெல்லத் திரும்பி வந்துடும். வராம பாத்துக்கறதுதான் கஷ்டம். நாலு பேருக்கும் சேர்த்தே சொல்றேன்." சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிட்டு ஆணையிட்டாள். "காலையில பத்து மணியிலேர்ந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான் சாப்பாடு. மத்த நேரத்துல தண்ணி மட்டும். தினமும் இதே மாதிரி."

நாலு பேரும் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்கள். டாக்டரம்மாவுக்கு இவர்களைப் பற்றி அப்போது அவ்வளவாகத் தெரியாது, பாவம்.

மறுநாள் சங்கத்தில் ஆலோசனைக் கூட்டம் நடந்தது.

"ஆர்டர் இன்னா?" என்றார் சுபேதார்.

"பத்துலேர்ந்து ஆறு வரைக்கும் சாப்பாடு சாப்" என்றார் துளசிராமன். மேலதிகாரியைச் 'சாப்' என்பது பட்டாளத்து வழக்கம்.

"நடுவுல நிறுத்தலாம்னு சொன்னாங்களா?"

"சொல்லல சாப்."

"சென்ட்ரி டூட்டி பத்துலேர்ந்து ஆறுன்னா நடுவுல நிறுத்துவமா?"

"மாட்டோம் சாப். நிறுத்தினா சார்ஜ்ஷீட்டு."

"அப்ப சாப்பாடும் அப்டித்தான். பத்துக்கு ஆரம்பிச்சா ஆறுக்குத்தான் கை கழுவணும்."

சம்பங்கியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஓய்வு பெற்றதிலிருந்து அவரை யாரும் இப்படி நம்பியதில்லை.

பத்து மணிக்கு விசில் ஊதியது. நாலு பேரும் சம்மணம் போட முடியாமல் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். இட்லி வந்தது, பின்னால் வடை வந்தது, வடை முடிவதற்குள் குஸ்கா வந்தது. அது அடங்குமுன் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். பந்தி பந்தியாய்ப் போயிற்று. யாராவது ஒருவர் கொல்லைப்பக்கம் போகவேண்டி வந்தால் சும்மா எழுந்துபோக முடியாது. மாற்று ஆள் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்து, அந்த வாய்ச் சோற்றைத் தொடர்ந்து மென்றால்தான் இவர் எழலாம். மாற்று ஆளாக ஏசுபாதத்தை வைத்தார்கள். அவரும் சாப்பிட வேண்டிய ஆள்தானே என்கிறீர்களா? அதனால்தான் அவர் இரண்டு பங்கு மென்றார்.

மத்தியானம் தாண்டியதும் துளசிராமன் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"சாப், வாய் வலிக்குது."

"பனியில நிக்கும்போது காலு வலிக்குதுன்னு சொன்னியா?"

"நான் கிடங்குல இருந்தேன் சாப்."

"அப்ப இப்பத்தான் உனக்கு மொத சண்டைன்னு நெனச்சுக்க. மெல்லு."

மூன்று மணி வாக்கில் துளசிராமன் வாயில் முறுக்கோடு தூங்கிவிட்டார். காவலில் தூங்குவது பெரிய குற்றம். எழுப்பி, தண்டனையாக இன்னும் ஒரு தட்டு முறுக்கு வைத்தார்கள். சகுந்தலா வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

"ஏங்க, இது பத்தியமா, படையலா?"

"கம்முனு போடி" என்றார் சுபேதார், வாய் நிறைய களியோடு. "உனக்காகத்தான் கஷ்டப்பட்டுகினு கீறேன்." சொல்லும்போதே அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. கருவாட்டு முள் குத்தியதாலும் இருக்கலாம், ஆனாலும் பாதி பாசம்தான்.

ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா எடை பார்த்தாள். மறுபடி இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினாள். எண்பத்திமூன்று. நடந்ததைக் கேட்டதும் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னாள். "அந்த எட்டு மணி நேரத்துக்குள்ள ரெண்டு வேளை சாப்பிடுங்க. அளவா சாப்பிடுங்க. ஆறு மணிக்கு மேல வாயில ஒண்ணும் போகக்கூடாது. தண்ணியத் தவிர ஒண்ணும்."

"ஒண்ணும்னா?" என்றார் துளசிராமன்.

"ஒண்ணும்னா ஒண்ணும்தான்."

இந்த முறை சுபேதார் பயந்துபோனார். தை மாசத்துக்கு அதிக நாள் இல்லை. முட்டியைத் தடவிக்கொண்டே வீடு திரும்பினார். அன்றிலிருந்து ரெண்டே வேளைதான் சாப்பாடு, அதுவும் அளவாக. ஆறு மணி விசில் ஊதியதும் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஏசுபாதத்தின் வாயில் அந்தப் பூச்சி நுழைகிற வரைக்கும்.

ஏரிக்கரை மேல் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். பொழுது சாய்ந்திருந்தது. வாய்க்குள் ஏதோ போயிற்று, தொண்டையைத் தாண்டிற்று. வேறு ஆளாக இருந்தால் காறித் துப்பிவிட்டு மறந்திருப்பார். ஏசுபாதம் நேராகச் சங்கத்துக்கு வந்து, விறைப்பாக நின்று, தன்மேல் தானே புகார் கொடுத்தார். சுபேதார் உடனே விசாரணை மன்றம் கூட்டினார்.

"பூச்சி உள்ள போனது ஆறுக்கு முன்னயா, அப்பாலயா?"

"அப்பால சாப்."

"அதுவா வந்துச்சா, நீ கூப்டியா?"

"அதுவாத்தான் வந்துச்சு சாப். நான் பாடிகினு வந்தேன்."

"அப்ப கேட்டை தொறந்து வெச்சது நீ" என்றார் துளசிராமன். "எதிரி உள்ள பூந்ததுக்குப் பூச்சிய சொல்லக்கூடாது."

சம்பங்கிக்குச் சமையல்காரப் புத்தி. "வெந்ததா, பச்சையா?" என்று கேட்டார்.

"பச்சைதான் நாயக் சாப். உசுரோட இருந்துச்சு."

துளசிராமன் கண்ணை மூடி யோசித்தார். அவர் யோசிக்கும்போது மற்றவர்கள் மூச்சையும் மெதுவாகத்தான் விடுவார்கள்.

"ஏசுபாதம், யோசிச்சு சொல்லு. மென்னியா, முழுங்கினியா?"

"முழுங்கிட்டேன் சாப்."

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன் சாப்."

"அவ்ளோதான்" என்று துளசிராமன் தொடையைத் தட்டினார். "மென்னா சாப்பாடு. மெல்லாம தண்ணி ஊத்தி முழுங்கினா அது மாத்திரை. ஆறுக்கு மேல மாத்திரை சாப்டலாம்."

எல்லோருக்கும் உயிர் வந்தது. சுபேதார் மட்டும் ஆணைக்காரர் அல்லவா, அங்கேயும் ஒரு ஓட்டையைப் பார்த்தார். மாத்திரை என்றால் டாக்டர் எழுதித் தந்திருக்க வேண்டும். ஆகவே மறுநாள் ஏசுபாதம் முதல் பஸ்ஸில் வேலூர் போய், டாக்டரம்மா முன்னால் நின்று, முந்தின நாள் தேதி போட்டு ஒரு பூச்சி எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். டாக்டரம்மா எழுதித் தரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் ரெண்டும் குலுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, தன் நிலைமைக்காக அழுகிறாள் என்று ஏசுபாதம் மனம் கலங்கித் திரும்பிவந்தார்.

அதன்பின் புதுச் சட்டம் வந்தது. ஆறு மணிக்கு மேல் வாயைத் திறந்தால் எதுவும் புகலாம், ஆகவே வாயே திறக்கக் கூடாது. நாலு பேரும் வாயைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டார்கள். ஆறு மணிக்கு மேல் பட்டாளத்துக் கதை கிடையாது. பனியில் நடந்தது, பாலம் உடைந்தது, கர்னல் முதுகில் தட்டிக் கொடுத்தது எல்லாம் நின்றுபோயிற்று. நாலு வீட்டுப் பெண்களும் வாழ்க்கையில் முதல்முறையாக டிவி சீரியலை வசனத்தோடு கேட்டார்கள். சகுந்தலா மூன்று வீட்டுக்காரிகளையும் சேர்த்துக்கொண்டு டாக்டரம்மாவுக்கு ஒரு டப்பா அதிரசம் அனுப்பிவைத்தாள். என்ன விஷயம் என்று டாக்டரம்மாவுக்குக் கடைசி வரை தெரியாது.

எடை இறங்கிற்று. எண்பத்தொன்று ஆயிற்று, எண்பதாயிற்று, பிறகு அதற்கும் கீழே போயிற்று. சுபேதாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துளசிராமன்தான் அதைக் கெடுத்தார்.

"சாப், எனக்கு ஒரே சந்தேகம். எறங்கின எடை எங்க போச்சு?"

"போச்சு. போய் ஒழிஞ்சுது."

"அப்டி ஒழியாது சாப். கிடங்குல ஒரு கம்பளி கொறைஞ்சா, வேற எங்கியாவது ஒரு கம்பளி கூடியிருக்கும். நம்ம பட்டாலியன்ல காணாமப் போன வாளிய அடுத்த பட்டாலியன்ல கண்டுபுடிச்சு எடுத்தாந்தவன் நானு. நாலு பேருகிட்டருந்தும் கிலோ கிலோவா போயிருக்குது. எங்கியோ ஒரு எடத்துல அது சுத்திகினு கீது."

"டாக்டரம்மாவே சொன்னாங்களே" என்றார் சம்பங்கி. "அசந்த நேரம் மெல்லத் திரும்பி வந்துடும்னு."

சுபேதாரின் முகம் இறுகிப்போயிற்று. எதிரி வருவான் என்ற தகவல் கையில் இருந்தும் இத்தனை நாள் காவல் போடாமல் இருந்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. சிப்பாய்மேட்டுக்கு ஒரே ரோடுதான். ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் மலை. எடை வந்தால் பஸ்ஸில்தான் வந்தாக வேண்டும். அன்றே பஸ் நிறுத்தத்தில் ஒரு மூங்கில் கழியைக் குறுக்கே போட்டுக் காவல் அமைத்தார். ஏசுபாதம் கழிக்குப் பக்கத்தில், சம்பங்கி சோதனைக்கு, துளசிராமன் விசாரணைக்கு, சுபேதார் நாற்காலியில்.

சோதனை எளிது. பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஆம்பளைகளைச் சம்பங்கி இடுப்பைப் பிடித்து ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். கனம் குறைவு என்றால் போகலாம். கனமாக இருந்தால் "எப்பத்திலேர்ந்து இப்டி கீற? மழைக்காலத்துக்கு முன்னியா, பின்னியா?" என்று துளசிராமன் கேட்பார். தரகர் பரந்தாமனை மூன்று தடவை தூக்கினார்கள். அவர் கல்யாண வீடுகளில் சாப்பிட்டதாக வாக்குமூலம் கொடுத்த பிறகுதான் விட்டார்கள். பெண்களைத் தூக்கக் கூடாது என்று சுபேதார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், மரியாதைக்காரர். பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்த ஒரு பெண்ணை மட்டும் நிறுத்திவைத்து அரை மணி நேரம் வாதம் செய்தார்கள்.

"கூட ஒரு எடைய கொண்டாறாங்க சாப், கண்ணுக்குத் தெரியுது" என்றார் சம்பங்கி.

"அது புது எடை" என்றார் துளசிராமன். "இன்னும் யாரும் தொலைக்காத எடை. அது போலாம்."

அந்தப் பெண் சிரித்துச் சிரித்து, வலி இப்போதே வந்துவிடும்போல இருக்கிறது என்று கெஞ்சின பிறகு கழி தூக்கப்பட்டது. நாலு பேரும் உள்ளே இருக்கிற புது எடைக்கு ஒரு சல்யூட் அடித்தார்கள்.

தை மாசம் வந்தது. பெரிய டாக்டர் வேதகிரி காரில் வந்தார், பக்கத்தில் டாக்டரம்மா. மூங்கில் கழிக்கு முன்னால் கார் நின்றது. கார்க் கதவு திறந்தது. முதலில் ஒரு கால் வந்தது, பிறகு இன்னொரு கால், பிறகு நெடுநேரம் வயிறு வந்துகொண்டே இருந்தது. பெரிய டாக்டர் நிஜமாகவே பெரிய டாக்டர்தான்.

சம்பங்கி போய் இடுப்பைப் பிடித்தார். அசையவில்லை. ஏசுபாதமும் வந்து பிடித்தார். அப்போதும் அசையவில்லை. துளசிராமன் அவரைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்து சுபேதாரின் காதில் சொன்னார்.

"கெடச்சிடுச்சு சாப். நாலு பேருதும் இவருகிட்டத்தான் கீது."

"என்னய்யா நடக்குது இங்க?" என்றார் பெரிய டாக்டர்.

"நீங்க ஊருக்குள்ள வரலாம் டாக்டர்" என்றார் துளசிராமன் மரியாதையாக. "எடைய மட்டும் வெளிய வெச்சுட்டு வாங்க."

"எப்படிய்யா வெச்சுட்டு வர்றது?"

"அது எங்களுக்குத் தெரியாது. நாங்க காய்ச்சல்ல வெச்சோம்."

டாக்டரம்மா கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். ஏசுபாதம் கழியைத் தூக்கவில்லை. பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போனால் அடுத்து வருவது அடுத்த வருஷம்தான் என்றார். சேதி கேட்டுச் சகுந்தலா ஓடிவந்தாள். சுபேதாரைப் பார்த்தாள். ஒவ்வொரு லீவு முடிந்து அவர் பஸ் ஏறும்போதும் அவள் பார்த்த பார்வை அது.

சுபேதார் நாற்காலியில் உட்கார்ந்தபடி தவித்துப்போனார். டாக்டரை உள்ளே விட்டால் எடை வந்து தன்மேல் ஏறிக்கொள்ளும், எண்பதைத் தாண்டிவிடும். விடாவிட்டால் எடை பார்க்க ஆள் கிடையாது. எப்படிப் பார்த்தாலும் தேன்மலை கைவிட்டுப் போகிறது. வாழ்க்கையில் முதல்முறையாக மேலிருந்து ஒரு ஆணையும் வராமல் அவரே யோசிக்க வேண்டியிருந்தது. வேர்த்துக் கொட்டிற்று.

கடைசியில் எழுந்து ஆணையிட்டார். "மிசினு இந்தப் பக்கம். டாக்டர் அந்தப் பக்கம்."

அப்படியே நடந்தது. காரில் வந்திருந்த எடை மிஷினைக் கழிக்கு உள்பக்கம் வைத்தார்கள். பெரிய டாக்டரை ஏரிக்கரை மேல் தூரமாக நிற்கவைத்து, எடை பாய்ந்து வந்துவிடாமல் இருக்க நடுவில் ஏசுபாதமும் சம்பங்கியும் கையை விரித்து நின்றார்கள். சுபேதார் மிஷினில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார். முள் ஆடிற்று, நின்றது. டாக்டரம்மா குனிந்து பார்த்துவிட்டுக் கரையை நோக்கிக் கத்தினாள்.

"எழுபத்தொம்பதரை சார்."

பெரிய டாக்டர் அங்கேயே கரையில் உட்கார்ந்துவிட்டார். வயிறு குலுங்கக் குலுங்க அவர் சிரித்த சிரிப்பில் ஏரியிலிருந்த கொக்கெல்லாம் பறந்துபோயிற்று. நல்ல மனுஷர். வியாழக்கிழமை அனுப்பிவையுங்கள் என்று கத்தினார். ஆபரேஷன் அன்று தியேட்டர் வாசலில் மூன்று பேரும் காவலுக்கு நின்றபோதுகூட அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் எடையை நானே வைத்துக்கொள்வேன், நோயாளிக்குக் கொடுக்கமாட்டேன் என்று அவர்கள் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

முட்டி மாறிற்று. சித்திரையில் கைத்தடியோடு நடந்தார், ஆனியில் கைத்தடியில்லாமல் நடந்தார். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, சுபேதாரும் சகுந்தலாவும் தேன்மலை முதல் படியில் கால் வைத்தார்கள். பின்னால் மூன்று பேர். நாலு படிக்கு ஒருமுறை உட்கார்ந்து எழுந்து ஏறுங்கள் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். ஆணை ஆணைதான். நாலு படி ஏறினார்கள், ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். துளசிராமன் விசில் ஊதினார், எழுந்தார்கள், நாலு படி ஏறினார்கள். காலையில் இவர்களைத் தாண்டிப்போன பக்தர்கள் சாமி பார்த்து, மொட்டை அடித்து, கீழே இறங்கி வரும்போது இவர்கள் பாதி மலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

மேலே போய்ச் சேர்ந்து, சாமி கும்பிட்டு வெளியே வந்தபோது குருக்கள் இலையில் சுடச்சுடச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். சகுந்தலா அதை ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சுபேதார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு தாண்டியிருந்தது.

"டைம் ஆயிடுச்சு" என்றார் சின்னக் குரலில்.

சகுந்தலா இலையை நீட்டியபடியே நின்றாள். "நீ வருவியா மாட்டியான்னு தெரியாம வேண்டிகினது இது" என்றாள். "உன் பட்டாளத்து ஆர்டருக்கெல்லாம் நான் ஒதுங்கி நின்னேன். ஒருநாளாச்சும் என் ஆர்டர கேளேன்."

மூன்று பேரும் ஒதுங்கிப் போய்ச் சுற்றி நின்று, கனமாக விவாதித்தார்கள்.

"டாக்டரம்மா இன்னா ரேங்க்?" என்றார் துளசிராமன்.

"ரேங்க் கெடையாது. சிவிலியன்" என்றார் சம்பங்கி. அவர் கண் பொங்கலை விட்டு நகரவில்லை.

"அண்ணி?"

"அவங்களும் சிவிலியன்தான்."

"அப்ப ரெண்டும் சமம். எது மொதல்ல வந்த ஆர்டர்?"

இதற்குப் பதிலைச் சுபேதாரே சொன்னார். "கல்யாணம்தான் மொதல்ல ஆச்சு. டாக்டரம்மா நேத்து வந்தவங்க. சகுந்தலாதான் சீனியர்."

சொல்லிவிட்டு மனைவிக்கு முன்னால் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார். இலையிலிருந்து ஒரு வாய் எடுத்து அவளுக்கு ஊட்டினார், தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள், நெய் முந்தானையெல்லாம் வழிந்தது. ஆணை மீறாத மனுஷன் வாழ்நாளில் சாப்பிட்ட மிக ருசியான கவளம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தலைவர் சாப்பிட்ட பிறகு மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது மரியாதையில்லை என்று மூன்று பேரும் ஆளுக்கொரு இலை வாங்கிக்கொண்டார்கள். சம்பங்கி ஆளுக்கு மூன்று இலை என்று புரிந்துகொண்டார்.

கை கழுவினதும் சுபேதாருக்குச் சுரீர் என்று உறைத்தது. ஆறு மணிக்கு மேல் சாப்பிட்டாயிற்று. எடை வந்திருக்கும். மலைமேல் வந்த எடை கூடவே படி இறங்கி ஊருக்குள் வந்துவிட்டால் போச்சு. பட்டாளத்தில் கற்ற பாடம் ஒன்று அவருக்கு நினைவிருந்தது. எதிரியை மலை உச்சியிலேயே மறிக்க வேண்டும்.

"ஏசுபாதம்."

"சாப்."

"நீ இங்கயே நில்லு. எடை கீழ எறங்கக் கூடாது."

"சரி சாப்."

மற்ற நாலு பேரும் நிம்மதியாகப் படி இறங்கினார்கள். வீட்டுக்குப் போனதும் சகுந்தலா முதல் வேலையாக மலைப்பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

ஏசுபாதத்தை இறங்கச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டார்கள். கார்த்திகை பிறந்த பிறகுதான் சுபேதாருக்கு ஞாபகம் வந்தது. துளசிராமனையும் சம்பங்கியையும் அழைத்துக்கொண்டு மலையேறினார். கோயில் வாசலில் ஏசுபாதம் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். குருக்கள் இரக்கப்பட்டுக் காலையில் ஒரு உருண்டைப் பொங்கலும் சாயங்காலம் ஒரு உருண்டைப் பொங்கலும் கொடுத்து வந்திருக்கிறார். ஏசுபாதமும் பத்துக்கு மேல், ஆறுக்குள், நேரம் தவறாமல் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். சட்டையில் ஒரு பொத்தான்கூட மிச்சமில்லை. கன்னம் ரெண்டும் கழுத்தில் இறங்கிவிட்டன. பெரிய டாக்டரே பக்கத்தில் நின்றால் இளைத்துத் தெரிவார்.

துளசிராமன் அவரைச் சுற்றி மெதுவாக நடந்தார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், விரலால் ரெண்டு இடத்தில் அழுத்திப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு பெருமிதம்.

"சாப், நம்ம எடை மொத்தமும் இங்கதான் கீது. ஒரு கிராம்கூட தப்பல. ஏசுபாதம் அத்தினியும் புடிச்சு வெச்சிருக்கான்."

சுபேதாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏசுபாதத்தின் தோளில் தட்டிக் கொடுத்தார்.

"சபாஷ்டா சிப்பாய். ஆனா இத்தினி எடைய நீ ஒருத்தனா காவல் காக்க முடியாது. சம்பங்கி, நீயும் இவன்கூட நில்லு."